நோர்டர்லேக் நகரசபை சொந்தக் காலில் நின்ற கதை

நோர்டர்லேக் மேயர் ரெம்மர் உல்ஃபர்ட்ஸ் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் செய்தார். செவ்வாய்க்கிழமை ஹானோவரில் மேடையேறி, ஐரோப்பா தன் கணினிகளுக்கு அந்நியக் கம்பெனிகளை நம்பிக் கிடப்பது மானக்கேடு என்று அரைமணி நேரம் முழங்கினார். வியாழக்கிழமை ஊர் திரும்பி, நகரசபையின் கடிதம், கோப்பு, பிறப்பு இறப்புப் பதிவு அத்தனையையும் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் ஏழு வருடத்துக்கு ஒப்படைக்கும் தீர்மானத்தைச் சபையில் வைக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அந்த மேடைப் பேச்சைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் ஃபென்னா. நகரசபையின் கணினிகளைக் கவனிப்பவள்.

அவள் அப்பா எம்டன் கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மா மீன் பதப்படுத்தும் ஆலையில் இருந்தாள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் ஃபென்னாதான். பட்டம் வாங்கியவள் மியூனிக்குக்கோ பெர்லினுக்கோ போவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ நோர்டர்லேக் நகரசபையின் நிலவறைக்கு வந்தாள். முன்பு நிலக்கரி கொட்டி வைத்த அறை அது. ஆறு வருடத்தில் அங்கே ஊருக்கென்று சொந்தமாக ஒரு சர்வரை நிறுத்தி, யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லாத மென்பொருள்களைப் போட்டு, ஒரு கடிதம்கூடத் தொலையாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக ஓடியதால் அப்படி ஒன்று இருப்பதே மேலே யாருக்கும் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் தீர்மானத்துக்கு முன்பே முன்னோட்டம் என்று வந்திருந்தார்கள். உறுப்பினர்கள் இருபத்தோரு பேருக்கும் புதிய மின்னஞ்சல் கணக்கும் பளபளக்கும் தட்டுக் கணினியும் கொடுத்தார்கள். நகரசபை என்ன கேட்கிறது என்ற பட்டியலைக்கூட அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும் கம்பெனி உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. சபையின் கல்விக்குழுத் தலைவி அதைப் படித்துவிட்டு, "எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க!" என்று வியந்தார்.

கூட்ட அழைப்பும் இந்த முறை புதிய கணக்குகளுக்கே போனது. இருபது பேருக்குக் கிடைத்தது. ஓக்கோ த்யார்க்ஸுக்குக் கிடைக்கவில்லை.

ஓக்கோ பால் பண்ணைக்காரர். முப்பத்தோரு வருடமாக உறுப்பினர். தீர்மானத்தை எதிர்த்த ஏழு பேரில் சத்தமானவர். பசுவின் மடி வீங்கியிருக்கிறதென்று நாலு படம் எடுத்து, புதிய கணக்கிலிருந்தே கால்நடை மருத்துவருக்கு அனுப்பியிருந்தார். எங்கோ கடலுக்கு அப்பால் ஓர் இயந்திரம் அந்த மடியைப் பார்த்து ஆபாசம் என்று முடிவுகட்டி, கணக்கைப் பூட்டிவிட்டது. மேல்முறையீடு செய்யலாமாம். அதற்குக் கணக்குக்குள் நுழைய வேண்டுமாம்.

ஃபென்னாவுக்குச் சட்டம் தெரியும். ஓர் உறுப்பினருக்கு அழைப்பு போகாவிட்டால் கூட்டம் செல்லாது. ஆனால் அழைப்பு வராதவரே நேரில் வந்து உட்கார்ந்து, முதல் பொருளை எடுக்கும் முன் ஆட்சேபம் சொல்லாமல் இருந்துவிட்டால் குறை நீங்கிவிடும், கூட்டம் செல்லும். கம்பெனி கொடுத்த விலைச் சலுகையோ மாதக் கடைசியோடு முடிகிறது. இந்தக் கூட்டம் தள்ளிப்போனால் ஒப்பந்தமும் போயிற்று. நிலவறை பிழைக்கும்.

கடமைக்கு மேயரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், ஓக்கோவுக்கு அழைப்பு போகல. கம்பெனி அவர் கணக்கப் பூட்டிடுச்சு."

"எதுக்கு?"

"மாட்டு மடிக்கு."

மேயர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருவாரும்மா. அந்த ஆளு காய்ச்சல்ல கிடந்தாலும் வருவாரு. நீ போய் வேலையப் பாரு."

"நாம பழைய சர்வர்லேர்ந்து இன்னிக்கே அனுப்பிடலாமே?"

"அழைப்பு அனுப்பற கெடு நேத்தே முடிஞ்சிடுச்சு. இப்ப அனுப்பினா, முதல்ல அனுப்பலன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். உனக்கு ஏன்மா இந்த வேலையெல்லாம்?"

அவள் ஓக்கோவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அலுவலக விதிப்படி அது தப்பு. தெரிந்தே செய்தாள்.

"பெரியவரே, கூட்டத்துக்கு வராதீங்க. வீட்டுலயே இருங்க."

"ஏன் புள்ள, நான் என்ன செத்தா போயிட்டேன்? முப்பத்தோரு வருஷத்துல ஒரு கூட்டம் விட்டதில்ல. அழைப்பு வரலன்னு அவன் மூஞ்சிக்கு நேராக் கேக்கணும்."

"நீங்க வந்து உக்காந்தாலே அவருக்கு லாபம். வராம இருந்தாதான் கூட்டம் செல்லாது."

"வராம இருந்தா, ஓக்கோ பயந்துட்டான்னு சொல்வான்."

"சரி, வந்தா வாங்க. முதல் பொருள எடுக்கறதுக்கு முன்னாடி எழுந்து சொல்லிடணும். எனக்கு அழைப்பு வரல, ஆட்சேபிக்கிறேன். இவ்வளவுதான்."

"சொல்றேன். பசு சாட்சியாச் சொல்றேன்."

மாலை ஆறு மணிக்குச் சபை கூடியது. நோர்டர்லேக்கில் தேநீர் இல்லாமல் எதுவும் தொடங்காது. மெல்லிய பீங்கான் கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கும் தேநீர், ஓரமாக ஒரு துளி பாலாடை. கலக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று கோப்பை. மூன்றாவதைக் குடித்துவிட்டுக் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை யாரும் வழக்குப் பேசுவதில்லை. மீறினால் வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றவளைச் சொல்வார்கள். வழக்கமாக எல்லாக் கரண்டியும் கோப்பைக்குள் போன பிறகுதான் மேயர் மணியடிப்பார்.

அன்று ஓக்கோ இரண்டாவது கோப்பையை முடித்தபோது, மேயரே தேநீர்க் குடுவையோடு எழுந்து வந்தார். "ஓக்கோ அண்ணே, உங்களுக்கு நானே ஊத்தறேன்." ஓக்கோவின் முகம் மலர்ந்தது. மேயர் விளிம்புவரை ஊற்றினார். இடத்துக்குத் திரும்பி மணியைத் தட்டினார்.

"சபை தொடங்குகிறது. அழைப்பு முறைப்படி அனுப்பப்பட்டது குறித்து ஆட்சேபம் உண்டா?"

கதவோரம் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த ஃபென்னா ஓக்கோவையே பார்த்தாள். ஓக்கோ கோப்பையைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊதினார். ஒரு வாய் உறிஞ்சினார். பொறு, வருகிறேன் என்பதுபோல இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"ஆட்சேபம் இல்லை. முதல் பொருள்."

ஓக்கோ குடித்து முடித்து, கரண்டியைக் கோப்பைக்குள் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மூன்றாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அழைப்பே வரல!"

"அதான் வந்துட்டீங்களே அண்ணே," என்றார் மேயர். சபை சிரித்தது. ஓக்கோவோடு சேர்ந்து எதிர்த்தவர்களில்கூட இரண்டு பேர் சிரித்தார்கள். தீர்மானம் பதினான்குக்கு ஏழு என்று நிறைவேறியது.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஃபென்னா ஓக்கோவைப் பிடித்தாள்.

"அந்தக் கோப்பையக் கீழ வெச்சிட்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "மூணாவது கோப்பைய எப்படிப் புள்ள பாதியில வைக்கிறது? அதுவும் அவனே ஊத்திக் குடுத்தது."

அவரை மனதுக்குள் மடையன் என்றாள். மேயரை அதைவிட மோசமான வார்த்தையால் திட்டினாள். மாட்டு மடிக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரத்திடம் ஊரின் பிறப்பையும் இறப்பையும் கொடுத்துவிட்டு, தேநீர் முறை தவறவில்லை என்று திருப்தியோடு வீட்டுக்குப் போகிற கூட்டம். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேயர் ஆட்சேபம் கேட்டபோது ஓக்கோவின் நாற்காலி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தோளில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவள் ஏன் அசையவில்லை? அவள் மடியிலும் ஒரு தட்டு இருந்தது. அதில் மூன்றாவது கோப்பை பாதி காலியாக இருந்தது. படித்தவள், இவர்களைப் போல் இல்லை என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தாள்?

மறுநாள் காலை மேயர் ஒரு தாளோடு நிலவறைக்கே இறங்கி வந்தார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் முறை.

"இதை ஊர் இணையதளத்துல போட்டுடும்மா. இங்க குளிரா இருக்கே!"

தாளில் தலைப்பு பெரிதாக இருந்தது: டிஜிட்டல் உலகில் சொந்தக் காலில் நிற்கும் நோர்டர்லேக்.

"இது பொய் சார்."

"டேட்டா சென்டர் ஃபிராங்பர்ட்ல இருக்குதும்மா. ஜெர்மன் மண்ணு."

"பூட்டு ஃபிராங்பர்ட்ல இருக்கு. சாவி யார்கிட்ட இருக்கு? ஓக்கோ கணக்க இப்பத் திறந்து காட்டுங்க பாக்கலாம்."

"நீ நல்லாப் படிச்ச பொண்ணு," என்றார் மேயர் கனிவோடு. "இப்படிப் பேசாத." தாளை மேசையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

அவள் அந்தத் தாளை அப்படியே பதிவேற்றவில்லை. அதன் கீழே, அழைப்பு போகாத விவரம், தேதி, நேரம், மேயரிடம் தெரிவித்த நாள், அவர் சொன்ன பதில், ஓக்கோவுக்குத் தான் தொலைபேசியில் சொன்னது, கடைசியில் தன் பெயர் என்று எட்டு வரி சேர்த்தாள். மாட்டு மடியையும் விடவில்லை. அதை வெளியிட்டால் வேலை போகும் என்று தெரியும். தீர்மானம் மாறாது என்பதும் தெரியும். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். பொத்தானை அழுத்தினாள்.