கால் மணி நேரத் தண்ணீர்

முலாம் பூசும் அந்தப் பட்டறையில் ஸ்டோர்காரரைக் கேட்காமல் ஒரு ஸ்பேனர்கூட இடம் மாறாது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். மனிதருடைய பெருமையெல்லாம் பச்சை ஃபைல் ஒன்றின் மேல்தான். எந்த ரசாயனம் என்ன செய்யும், உடம்பில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே அச்சடித்த தாள்கள் அதில் இருந்தன. தொட்டியில் வேலை செய்கிறவர்கள் கறைக் கையோடு புரட்டுகிறார்கள் என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சோதனைக்கு வந்த அதிகாரி, "இவ்வளவு சுத்தமான ஃபைல நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போக, ஒரு வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் ஏட்டையே வெளியே விடவில்லை.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் வேலை பார்த்தவன் அவருடைய தங்கை புருஷன். அவரே சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாமான் மாட்டிய கொக்கி தொட்டிக்குள் நழுவி, காரக் கரைசல் அவன் வலது கண்ணில் தெறித்தது. குழாயடிக்கு ஓடியவனை ஸ்டோர்காரர்தான் பிடித்து இழுத்தார்.

"தண்ணியெல்லாம் அப்புறம் மாப்ளே. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வா."

அரை மணி நேரப் பாதையை இருபது நிமிடத்தில் கடந்தார்கள். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கழுவல சார், நேரா இங்கதான் வந்தோம்" என்றபோது ஸ்டோர்காரர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கண் போய்விட்டது.

மறுநாள் விபத்து அறிக்கை எழுதத்தான் ஃபைலைத் திறந்தார். காஸ்டிக் தாளில் நாலாவது பத்தி: கண்ணில் பட்டால் உடனே, அங்கேயே, ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு. கீழே, படித்துப் புரிந்துகொண்டதாக அவருடைய கையெழுத்து. அன்றைக்கே அந்தத் தாளைக் குழாயடியில் ஒட்டினார். யாருக்கு என்ன பயன்?

தங்கையோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் மட்டும் பக்கத்துல இல்லன்னா அவரு கதி என்னாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டோர்காரர் அதைக் கேட்டுக்கொண்டு மூன்று வாரம் பொறுத்தார். பிறகு, சொல்லிவிடுவது என்றே கிளம்பிப் போனார்.

தங்கை சமையலறையில் இருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"மாப்ளே, அன்னிக்கு உன்னைக் குழாயடியிலேர்ந்து இழுத்தேனே..."

"தெரியும் மச்சான். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கண்ணு போனதுக்கே அழுது ஓஞ்சு போயிருக்கா. அண்ணனும் போயிட்டா தாங்க மாட்டா."

டீயோடு வந்த தங்கை, குலுங்கி அழுகிற அண்ணனைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதண்ணா. உன்னால ஆனதையெல்லாம் நீ செஞ்சுட்ட."