அறுநூத்தி அறுபத்தாறாம் நம்பர் ஊசி

நாய் கடிச்சவங்க ஓடி வர்ற இடம் எங்க ஊசி அறை. வந்த பிறகு அங்கிருந்து ஓடப் பாக்குறவங்களைப் பிடிச்சு நிறுத்துறதுதான் எனக்க உத்தியோகம். முட்டம் போற ரோட்டுல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல இருபது வருசமா நர்ஸ். எங்க ஜன்னலுக்கு நேர் எதிர்ல ரோட்டைத் தாண்டினா ஒரு ஜெபக்கூடம். அங்க இருந்து பாத்தா ஊசி போடுற ஸ்டூல் நல்லாத் தெரியும். இதே பாடு படுற நர்ஸ் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுகேன்.

சங்கிலி

ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருத்தர். சொந்த நாயே கணுக்காலைக் கவ்விருச்சு. வந்தவர் வாசலோட நிக்காரு, உள்ள வரமாட்டேங்காரு. தொப்புளைச் சுத்திப் போடுறதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப கையிலதான், நாலே தடவைன்னு கெஞ்சுகேன். அவருக்க பேடி, அந்தப் பயம், அது இல்ல. இந்த ஊசி மனுசனுக்க குணத்தையே மாத்திரும்னு போன்ல வீடியோ வந்திருக்காம். முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த மனுசன்! எனக்கு வந்த கோபத்துக்கு, கடிச்ச நாய்தான் பாவம்னு தோணிச்சு. ஒரு வழியா கையை நீட்டினவர், வரிசையில நின்ன எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: "போட்ட பொறவு நான் குலைச்சேன்னா, சிஸ்டர்தான் வீட்டுக்கு வந்து சங்கிலி போடணும்."

உள்ள என்ன இருக்கு?

சுசீந்திரம் பக்கத்துல பலசரக்குக் கடை வெச்சிருக்குற ஒரு அண்ணாச்சி. சுத்த சைவம். மருந்துக் குப்பியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இதுல மாட்டுக்க சமாச்சாரம் எதாவது உண்டுமா? சத்தியமா சொல்லணும்" என்னாரு. தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. கிருமியைக் குரங்குக்க உயிரணுவில வளத்து, பொறவு கொன்னு, சுத்தம் பண்ணித்தான் இந்த மருந்து செய்யுதாங்கன்னு உள்ளதைச் சொன்னேன். டாக்டரம்மா பின்னால நின்னு தலையில கை வெச்சிட்டாங்க. அண்ணாச்சி ஒரு நிமிசம் கண்ணை மூடினாரு. வந்த கூட்டம் எல்லாம் திரும்பிப் போகப் போகுதுன்னு நான் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கேன். கண்ணைத் திறந்தவர் சட்டைக் கையை ஏத்திவிட்டாரு: "குரங்குன்னா ஆஞ்சநேயருக்க ஆளுதானே? போடும்மா."

அந்த நம்பர்

இனி சொல்லப் போறது சிரிக்குற காரியம் இல்ல.

ஷீபா எட்டு வயசு மகளைக் கையில பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. பிள்ளைக்குப் பேரு ஜெபிஷா. தெருநாய் முன்னங்கையில பல்லை நல்லா இறக்கியிருக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, கால்மணி நேரம் தண்ணியைத் திறந்துவிட்டேன். பிள்ளை அழுத அழுகைக்கு, வரிசையில நின்னவங்களே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஷீபா மட்டும் அடிக்கடி ஜன்னலையே பாக்கா. அவளுக்க மாப்பிள செல்வின், எலக்ட்ரீசியன். ஒரு வருசமா எதிர்த்த ஜெபக்கூடத்துல சேந்திருக்கான். அங்க உள்ளவங்க மருந்து மாத்திரையே தொட மாட்டாங்க. அவனுக்குத் தெரியாமத்தான் இவ வந்திருக்கா.

நாய்க்கடிப் பதிவேட்டுல அடுத்த நம்பரைச் சீட்டுல எழுதி நீட்டினேன். ஷீபாவுக்க முகம் வெளிறிப் போச்சு. 666. பைபிள்ல வெளிப்படுத்தின விசேஷத்துல சொன்ன, சாத்தானுக்க ஆளான மிருகத்துக்க இலக்கம். "இந்த நம்பர்ல எம்பிள்ளைக்கு ஊசி போடாண்டாம்"னு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடையிறங்கிட்டா. நானும் ஞாயித்துக்கிழமை தவறாம வேதக்கோயிலுக்குப் போறவதான். அந்த நம்பரைப் பாத்ததும் எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெறிநாய்க்கடி நோய் வந்தா பிழைக்க வழியே கிடையாது.

ஓடிப்போய் மறிச்சேன். அப்பதான் எனக்க சொந்தக் கள்ளத்தனம் ஞாபகம் வந்துச்சு. நாலு நாளைக்கு முன்னால ஒரு பூனை எனக்க கையைப் பிராண்டி ரத்தம் வந்தது. ஊருக்கே ஊசி போடுறவ, எனக்கு ஊசின்னா பேடி! முழுக்கைச் சட்டையைப் போட்டு மறைச்சு நடந்துக்கிட்டிருந்தேன். 666-க்கு நேர எனக்க பேரை எழுதினேன். டாக்டரம்மா என்னை முறைச்சுக்கிட்டே, ஷீபா பாக்க எனக்குப் போட்டாங்க. பிள்ளைக்கு 667. காயத்துக்குள்ள போட வேண்டிய மருந்தையும் போட்டோம். போகும்போது ஷீபா என் முகத்தையே பாத்துச் சொன்னா: "உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா மூணாம் நாள் பிள்ளையைக் கொண்டு வாறேன், சிஸ்டர்."

மூணாம் நாள்

எனக்குக் காய்ச்சல் வந்துச்சு! லேசான காய்ச்சல்தான், சிலருக்கு வரும். ஆனா அன்னைக்குப் பாத்து வரணுமா, சவம்! மாத்திரையை முழுங்கிட்டு டியூட்டிக்குப் போய் உக்காந்தேன். பன்னிரண்டு மணி ஆச்சு, ஷீபா வரல்ல. வரிசையில ஒருத்தர் சும்மா சொல்லுகாரு, அந்தத் தெருநாய் நேத்தே செத்துப் போச்சுன்னு. கடிச்ச நாய் செத்துதுன்னா வெறி பிடிச்ச நாய்னுதான் எடுக்கணும்.

மதியச் சோத்தை விட்டுட்டு அவங்க வீட்டுக்கு நடந்தேன். செல்வின் கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்கான். உள்ள ஷீபா அழுகுறது கேக்குது. "நாங்க ஜெபத்துல வெச்சிருக்கோம், சிஸ்டர். நீங்க போங்க" என்னான். நான் குரலை ஏத்தினேன். "தம்பி, கரெண்டு லைன்ல கை வைக்கதுக்கு முன்னால நீ ஜெபம் பண்ணுவியா, மெயினை ஆஃப் பண்ணுவியா?"

அவன் வலது கையைப் பின்னால மறைச்சிருந்தான். பெருவிரல்ல துணி சுத்தியிருக்கு. என்னன்னு விடாம கேட்ட பொறவுதான் விசயம் வெளிய வந்துச்சு. பிள்ளைக்க கையை நாய் வாயில இருந்து பிடுங்கினது அவன்தான். பிடுங்கும்போது அவனையும் கடிச்சிருக்கு. மூணு நாளா பெஞ்சாதிக்குக்கூடச் சொல்லல்ல. "லே, உனக்கும் கடிச்சிருக்கா!"ன்னு நான் போட்ட சத்தத்துல அக்கம்பக்கம் எட்டிப் பாத்துது. அவன் தரையைப் பாத்துக்கிட்டே கேட்டைத் திறந்துவிட்டான்: "ரெண்டும் பண்ணுவேன், சிஸ்டர். பிள்ளையைக் கொண்டு போங்க. எனக்கு வேண்டாம், மருந்தைத் தொட மாட்டேன்னு ஜெபக்கூடத்துல வாக்கு குடுத்தவன் நான்."

ஏழாம் நாள்

பிள்ளைக்கு அன்னைக்கே ரெண்டாவது ஊசி போட்டாச்சு. ஆனா அதுக்குப் பொறவு நாலு நாளும் எனக்கு ஒறக்கம் இல்ல. அவனுக்க பெருவிரலே கண்ணுக்குள்ள நிக்குது. ஷீபா கெஞ்சிப் பாத்தா, டாக்டரம்மா போன்ல பேசிப் பாத்தாங்க. அவன் அசையல்ல.

ஏழாம் நாள் ஜெபிஷாவைப் பைக்குல கொண்டு வந்தது செல்வின்தான். வாசல்லயே நின்னுக்கிட்டான். பிள்ளை ஸ்டூல்ல ஏறினா, கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. என்ன சொல்லியும் எடுக்கல்ல. "அப்பா போட்டாத்தான் நான் போடுவேன்." அப்பா மாட்டாரு மக்கான்னு நான் சொல்லுறதுக்குள்ள, அவ அவனைப் பாத்து, "என்னாலதானே உங்களைக் கடிச்சது?"ன்னு கேட்டா.

செல்வின் முகத்தைத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்தான். பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சு அதே ஸ்டூல்ல உக்காந்தான். பிந்தினாலும் போடாம விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. பதிவேட்டைப் புரட்டி நம்பரைப் பாத்தேன், நல்ல நம்பரா வரணுமேன்னு. அவன் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே, தலையைக் குனிஞ்சு மெதுவாச் சொன்னான்: "நம்பர் எதா இருந்தாலும் சாரமில்ல, சிஸ்டர். அந்த ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் அடைச்சிருங்க."

நாலு ஊசியும் முடிச்சு, 666-ஆம் நம்பர்க்காரியான நான் உட்பட மூணு பேரும் சுகமா இருக்கோம். ஊசிக்குப் பயப்படுறவங்களை விட அடுத்தவங்க பாத்துருவாங்களேன்னு பயப்படுறவங்கதான் நிறையப் பேருங்கிறதால, அந்த ஜன்னல் கொக்கிக்கு மட்டும் மாசா மாசம் எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன்.