குணமானவளுக்கு என்ன பிரீமியம்?

முந்தாநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்தது. அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சரியானது உங்களில் பலருக்குத் தெரியும்.

போன வாரம்தான் டாக்டர், இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் (அல்வா தின்றது போக) ஒரு முடிவும் எடுத்தோம். குடும்பத்துக்கே ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டுவிடுவது!

வீட்டுக்காரர் ராஜபாளையம் ரோட்டில் பைக் மெக்கானிக். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். மகள் எட்டாவது படிக்கிறாள். அரசுக் காப்பீட்டு அட்டைக்கு எங்கள் வருமானம் கொஞ்சம் கூடுதலாம்.

ஏஜென்ட் இசக்கி அண்ணாச்சி சிவகிரியிலிருந்து வந்தார். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டார். (எடையில் மட்டும் ரெண்டு கிலோ குறைத்துச் சொன்னேன்.)

பழைய வியாதி ஏதும் உண்டா என்றார். சிரித்த முகமாகவே சொன்னேன்.

அண்ணாச்சி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

வாசலுக்குப் போய் யார் யாருக்கோ போன் போட்டார். ஒரு கம்பெனி, என்னைச் சேர்க்கவே முடியாது என்றுவிட்டது.

இன்னொரு கம்பெனி சேர்க்குமாம். ஆனால் என் ஒருத்திக்கான பிரீமியம், ஒர்க்‌ஷாப்பின் ஒரு வருஷ வாடகையை விட அதிகம். அதிலும் அந்த நோய் திரும்ப வந்தால் முதல் சில வருஷங்களுக்குப் பணம் கிடைக்காதாம்!

"அந்த நோய்க்கே இல்லேன்னா இம்புட்டு ரூவா எதுக்கு அண்ணாச்சி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒருக்கா வந்தவங்கன்னா அப்படித்தான் கணக்குப் போடுதாவ தம்பி."

பிறகு அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, நோயை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்காகத்தான் கேட்டார்.

"நெஞ்சுல தழும்பு கெடக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரில படுத்தா மொதல்ல அதத்தான் பாப்பாவ" என்றேன்.

அண்ணாச்சி அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் மட்டும் போடுங்கள் என்றேன். ரிப்பேருக்கு வரும் வண்டிகளைத் தினமும் அந்த ராஜபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறவர் அவர்தானே.

"மூணு பேருக்கும் போடுங்க. இல்லேன்னா ஒருத்தருக்கும் வேண்டாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பதினாறு வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

நேற்று காலை பிள்ளையைக் காட்டித்தான், அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் போட அவரைச் சம்மதிக்க வைத்தேன். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

என் பெயரில் தபால் ஆபீசில் மாதாமாதம் ஆர்.டி. கட்டப் போகிறோம். அது இன்சூரன்ஸ் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என்னைப் போல நோயிலிருந்து மீண்டு வந்தவர்கள் யாராவது, கட்டக்கூடிய பிரீமியத்தில் பாலிசி எடுத்திருக்கிறீர்களா? தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்களிடம் யார் சொல்வது?