சின்னய்யா மேசையில் கிடந்த வீடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் வேலை பார்க்கிறேன். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடையாள அட்டையைக் கேட்பேன். கையெழுத்து ஒன்று விடுபட்டால் பதிவுப் பாரத்தைத் திருப்பிக் கொடுப்பேன். டாக்டர்களே என்னைக் கண்டால் பேனாவைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் வாங்கிய ஒரே வீட்டுக்காக ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றால், என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

வீடு அப்பாவுக்காக. அம்மா போன பிறகு அவர் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில், கம்பெனி தொழிலாளருக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டில் தனியாக இருந்தார். அங்கே ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள், பிறகு செம்பனையோடு நிலத்தையும் விற்றார்கள். வாங்கிய கம்பெனி, பிப்ரவரிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் கொடுத்துவிட்டது. நானும் கணவரும் குடியிருந்தது லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. எங்களோடு வந்தால் அவர் அந்த மூன்றாம் மாடியிலேயே அடைபட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

மெங்லெம்பு பக்கத்தில் மாடியில்லாத வரிசை வீடு ஒன்று கிடைத்தது. விற்றவர் ஒரு சீன அம்மா. கணவர் இறந்தபின் மகனோடு பினாங்கில் இருந்தார். எங்கள் இருவருக்கும் விலை ஒத்துவந்தது, வங்கியும் சரி என்றது. மிச்சம் இருந்தது வழக்கறிஞர் மட்டும்தான்.

அவரை அப்பாதான் சொன்னார். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் மகன். கிராணி என்பவர் ஆபீசில் வரவு எழுதும் குமாஸ்தாதான். ஆனால் அவர் எழுதினால்தான் அன்றைக்குப் பேர் விழும், கூலி கிடைக்கும் என்பதால், அவருக்கு முன்னால் தோட்டத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அவருடைய மகனை அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்தே எல்லாரும் ‘சின்னய்யா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னய்யா படித்து வக்கீலாகி ஈப்போவில் ஆபீஸ் போட்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் ஒரு நாள் அன்னதானம் அவருடையது. தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு நிற்பார். அப்பா கூட்டத்தில் இருந்தே கும்பிடு போடுவார்.

“வேற எங்கயும் போவாதம்மா. சின்னய்யா இருக்காரு, நம்ம ஆளு. அவரு பாத்துக்குவாரு,” என்றார் அப்பா.

கையெழுத்துப் போட ஆனி மாதக் கடைசியில் போனோம். அப்பா சொன்னபடி தாம்பூலத் தட்டு எடுத்துப் போனேன். வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம். ஆபீஸ் குமாஸ்தாப் பெண் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஒளிநகல் இயந்திரத்தின் மேல் வைத்தாள். அப்பா நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், உட்காருவதே அவருக்குத் தொழில், அவரும் நின்றார். சின்னய்யா உட்காரச் சொல்லவில்லை. மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் எல்லாம் குனிந்து குனிந்து கையெழுத்துப் போட்டோம். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. முன்னால் நின்றுகொண்டு வாசித்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அப்பா காரிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

முடிந்ததும் சின்னய்யா, இன்னொரு பாரம் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். வீடு இருந்தது குத்தகை நிலம். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. அந்த ஒப்புதலைக் கேட்டு நில அலுவலகத்துக்குப் போக வேண்டிய பாரம் அது.

“ஆடி பொறந்துருமே சின்னய்யா,” என்றார் அப்பா. “ஆடி போனதும் வந்து போட்டா ஆவாதுங்களா?”

“ஆவும்லா. ஆடி போகட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவசரம் இருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால், விற்பவர் ஒப்பந்தத்தை முறித்து வீட்டை வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று நாங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளிலேயே எழுதியிருந்தது. ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நாங்கள் நினைத்ததைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்லாமல் சிரித்துவிட்டு அனுப்பினார்.

ஆவணி பிறந்த வாரமே போய் அந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போட்டோம். பிறகு அவரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. புரட்டாசியில் வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு தடவை போன் போட்டேன். “புரோசஸ்ல இருக்குமா, கவலப்படாதீங்க,” என்று ஒரு தடவை. இன்னொரு தடவை கோர்ட்டில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. வேறு யாராவது என்னிடம் அப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பேன். ஆனால் தினமும் அப்பா போனில் கேட்பார்: “சின்னய்யா என்ன சொன்னாரு?” அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுவிட்டு, “நடக்குதுப்பா” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில், மதிய இடைவேளையில் மறுபடியும் ஆபீசுக்குப் போன் போட்டேன். குமாஸ்தாப் பெண்தான் எடுத்தாள். முதலில் வழக்கமான பதில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க பைலு இன்னும் அவரு மேசையிலதான் இருக்கு. நில ஆபீசுக்குப் போகவே இல்ல. இனிமேயும் காத்திருக்காதீங்க.”

மருந்துச் சாமான் அறைக்குள் போய் நின்று அழுதேன். கெடு முடிய ஆறு வாரம்கூட இல்லை, நில அலுவலகத்திலோ மாதக்கணக்கில் ஆகும். அப்பா காலி செய்ய வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. அவளுக்கு அந்த வேலைதான் சோறு. அவள் பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கும்பிடுகிறேன்.

கணவர் எங்கேயோ விசாரித்து, ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் கூட்டிப் போனார். அவர் முதலில் சொன்ன வார்த்தை “உட்காருங்க”. பிறகு எங்களிடம் இருந்த ஒப்பந்த நகலை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்றார். பழைய வக்கீல் பைலைக் கொடுக்க வேண்டும், விற்பவர் கூடுதல் அவகாசம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவர் முடியாது என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

விற்பவருக்கு முடியாது என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. வீட்டுக்கு வேறோர் ஆள் கூடுதல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். போன் போட்டதும் அந்த அம்மா, நேரில் வருகிறேன் என்று பஸ் ஏறி வந்துவிட்டார். பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆடிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“எங்களுக்கும் ஏழாம் மாதம் இருக்கிறது,” என்றார் மலாயில். “பேய்களுக்குப் படைக்கிற மாதம். அதில் வீடு விற்க மாட்டோம், வாங்க மாட்டோம். அது வருவதற்குள் முடிக்கத்தான் உன்னிடம் நானும் அவசரமாகக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் போய்விட்டது, உங்கள் மாதமும் போய்விட்டது. உன் வக்கீலுக்கு மட்டும் இன்னும் என்ன மாதம்?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கூடுதலாக நான்கு மாதம் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, அந்த வீட்டில் தன் கணவர் நடக்க முடியாமல் இருந்த கடைசி இரண்டு வருஷமும் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார், உன் அப்பாவும் பார்க்கட்டும் என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

பைல்தான் வரவில்லை. நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சின்னய்யா ‘வெளியே’ இருந்தார். கடைசியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, “நாளைக்கு மொத ரயிலுக்கு வாரேன்,” என்றார்.

அப்பாவைப் பார்த்ததும் சின்னய்யாவால் ஒளிய முடியவில்லை. உள்ளே கூப்பிட்டார். கோயில் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அப்பா உள்ளே போனார். நான் பின்னால் நின்றேன். யாரும் சொல்லாமலே அவர் நாற்காலியை இழுத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சின்னய்யா முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“நீங்கதானே ஆடி போகட்டும்னு சொன்னீங்க,” என்றார் சின்னய்யா.

“ஆடி போயி மார்கழி வந்துருச்சு தம்பி,” என்றார் அப்பா. “பைலைக் கொடுத்துருங்க. எம்மவ வேலைக்குப் போவணும்.”

தம்பி என்று அவர் சொன்னதில் கோபம் கொஞ்சமும் இல்லை, வயதில் சின்னவரைக் கூப்பிடுகிற சாதாரணக் குரல்தான். பத்து நிமிஷத்தில் பைல் வந்தது. என் தாம்பூலத் தட்டையும் குமாஸ்தாப் பெண் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். படி இறங்கும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி வலியா என்று கேட்டேன். “இல்லம்மா, அவரு முன்னால உக்காந்துட்டேன்ல,” என்றார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பாசம் வந்த நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பிப்ரவரியில் லயத்து வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அப்பா எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தார். மூன்று மாதம் கீழே இறங்கியது கிளினிக்குக்கு மட்டும்தான். சன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. புது வழக்கறிஞர் வாராவாரம் போன் போடுவார். செய்தி இல்லாத வாரத்தில், செய்தி இல்லை என்று சொல்வதற்காகப் போடுவார். அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கெடு முடிய இரண்டு வாரம் இருக்கையில் ஒப்புதல் கடிதம் வந்தது. மிச்சத்தையும் அவர் ஓட ஓட முடித்துக் கொடுத்தார்.

சாவி கிடைத்த நான்காம் நாள் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். சின்னய்யாவை இன்றும் கோயிலில் பார்க்கிறேன், பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன், அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த வருஷத்தை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அவர் இல்லை. குமாஸ்தாப் பெண்ணும் புது வழக்கறிஞரும் அந்தச் சீன அம்மாவும்தான். அவர்களுக்கு எங்களிடம் பட்ட கடன் ஒன்றும் கிடையாது.

குடிபுகுந்த மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அப்பா கூடத்தில் நின்றிருந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ஆணிப் பொட்டலம். அம்மாவின் படம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சுத்தியலும் ஆணியும் காலையிலேயே தெருமுனைக் கடையில் வாங்கி வந்தாராம். சாப்பிட்டதற்கு அடையாளம்கூட இல்லை.

“ஏம்ப்பா இன்னும் அடிக்கல?”

“நீ வரட்டும்னுதான். ஆணி அடிக்கறதுன்னா யாருகிட்டம்மா கேக்கணும்?”

பிறந்ததிலிருந்து எழுபத்திரண்டு வயது வரை அவரைச் சுற்றி இருந்த சுவர் எல்லாமே கம்பெனிச் சுவர்.

“யாருகிட்டயும் கேக்க வேணாம்ப்பா,” என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா ஏழு ஆணி அடித்தார். மாட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு படம்.