அடுத்த வருஷம் போகிற குடும்பம்

அப்பா அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார். இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை, பத்துபஸ்தியில் வாடகை வீடு, ஆனால் வாயைத் திறந்தால் ராமநாதபுரம். அம்மா ஒரு பீரோ கேட்டால்கூட, "போறப்ப அத எந்தக் கப்பல்ல ஏத்துறது?" என்பார். அதே காரணத்தால், தீவுக்காரர்கள் என்பதற்கான லோக்கல் சர்டிபிகேட்டும் எங்களுக்கு வாங்கவில்லை. கிளம்பப் போகிறவனுக்கு அது எதற்கு என்பது அவர் கொள்கை.

நீட் மதிப்பெண் வந்ததும் கொள்கை ஆட்டம் கண்டது. எனக்கு டாக்டராக வேண்டும். அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பா மார்தட்டிக்கொண்டு விமானம் ஏறி ராமநாதபுரம் போனார். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்திருக்க வேண்டுமாம். நான் படித்ததெல்லாம் தீவில். அலுவலகத்தில் ஒரு பெண்மணி, "உங்க பொண்ணு வெளிமாநிலம்ங்கய்யா" என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட மனுஷன் அவ்வளவு சுருங்கியிருக்க மாட்டார்.

போகட்டும், தீவு ஒதுக்கீடு இருக்கிறதே என்று திரும்பி வந்து, லோக்கல் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்தார். விசாரிக்க வந்த ஊழியர் எங்களை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்டார். எதிர்வீட்டு வங்காளி அக்கா அரிச்சந்திரனுக்கே அக்கா. "யே லோக் தோ அக்லே சால் சலா ஜாயேகா." அடுத்த வருஷம் போய்விடுவார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார். டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். பக்கத்துக் கடைத் தெலுங்குக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், கடையைத் தனக்குத்தான் விற்கப்போகிறார் என்றாராம். பாவம், அப்பா இத்தனை காலம் சொன்னதை ஊரே நம்பியிருக்கிறது. வீட்டில் நாங்கள்தான் நம்பவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. அப்பா மறுவிசாரணை கேட்டு அலைந்து முடிப்பதற்குள் தீவு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு முடிந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு கைநழுவியது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வடக்கே ஒரு கல்லூரி கிடைத்தது. விமானம், ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. டாக்டர் சீட்டு என்று முதலில் குதித்தேன். பெட்டி கட்டும்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் எங்கேயும் போக விரும்பாத ஒரே ஆள் நான்தான்.

விமான நிலையம் வீட்டுக்குப் பக்கம் என்பதால் வங்காளி அக்காவும் வழியனுப்ப வந்தார். செய்த உபகாரம் அவருக்கு இன்னும் தெரியாது. மகள் போகிறாள், நீங்களெல்லாம் எப்போது என்று அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டார்: "பாயி, பேட்டி தோ ஜா ரஹா. ஆப் லோக் கப் ஜாயேகா?"

அப்பா என் பெட்டியை விடாமல் பிடித்திருந்தார். "ஹம் கிதர் ஜாயேகா, தீதி? ஹம் லோக் இதர் கா ஹீ ஹை."

நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே, எங்கே போவோம் என்கிறார்! இதை அந்த ஊழியர் வருவதற்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கத்த வேண்டும் போலிருந்தது. அழுகைதான் வந்தது.

"லீவு விட்டதும் வந்துரு ஆத்தா" என்று பெட்டியை என் கையில் கொடுத்தார்.