பதினோரு வீட்டு ஜெபம்

ஆர்லிஸ் ஹோவ்டேக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரே ஊரில்தான். டேல் என்பவருடைய பால்பண்ணையில் பத்தொன்பது வருஷமாகக் கன்றுகளுக்குப் பால் புகட்டுகிறாள். இருநூறு கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குடில். கழிச்சல் கண்ட கன்றின் பின்புறத்தை வெறுங்கையால் வழித்துக் கழுவிவிட்டு, அந்தக் கையை அலம்பிக்கொண்டு அங்கேயே நின்று ரொட்டி தின்பாள். சாணமும் புளித்த பாலும் சேர்ந்த வாடை அவள் தலைமுடியோடு ஊறிப்போயிருந்தது. இதற்கெல்லாம் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அருவருப்பு என்பது அவளுக்குப் போன மார்ச் மாதம்தான் வந்தது. அதுவும் தொழுவத்தில் வரவில்லை, கோயிலில் வந்தது.

அவளுடைய சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. அதில் பதினோரு பெண்கள். யாருக்காவது ஜெபம் தேவைப்பட்டால், பட்டியலில் தனக்கு அடுத்த பேருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவள் அதற்கு அடுத்தவளுக்குச் சொல்வாள். இப்படியே சுற்றி வந்து, கடைசியாகக் கேட்டவள் ஆரம்பித்தவளையே கூப்பிட்டு, தனக்கு வந்த சேதியை அப்படியே ஒப்பிக்க வேண்டும். வழியில் ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாதே, அதற்காக. முன்னே இருந்த போதகரின் மனைவி வைத்த ஒழுங்கு அது. ஆண்டவரிடம் மொட்டையாகக் கேட்காதீர்கள், பேர், நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லிக் கேளுங்கள் என்பார் அந்த அம்மா. அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகியும் பெண்கள் அதை விடவில்லை.

ஆர்லிஸின் புருஷன் மெர்ல் புற்றுநோயில் நாலு மாதம் படுத்துக் கிடந்தபோது இந்தச் சங்கிலிதான் அவளைத் தாங்கியது. மெர்லை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போன அதே நிமிஷத்தில் பத்து வீடுகளில் முழங்கால் மடங்கியது என்று அவளுக்குத் தெரியும். சங்கிலியில் ஒருத்தியான மேவிஸ் செவ்வாய்க்கிழமை தவறாமல் உருளைக்கிழங்கும் கொத்திறைச்சியும் வைத்துச் சுட்ட தட்டோடு வந்து நிற்பாள். மெர்ல் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த நன்றி ஆர்லிஸை விட்டுப் போகவில்லை. தனக்கு என்று யாருமில்லை என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

பண்ணையில் மாடு கறக்கிறவன் எலிசியோ. குவாத்தமாலாவிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் தங்கச் சட்டப்படியான காகிதம் எதுவும் கிடையாது. காகிதம் இல்லாததால் வண்டி ஓட்ட லைசென்ஸும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் வண்டி இல்லாமல் ஒரு முட்டை வாங்கக்கூட முடியாது. பண்ணைக்குப் பின்னாலேயே ஒரு தகர வீட்டில் மனைவி மார்த்தாவோடும் மகள் நயேலியோடும் இருந்தான். ஆர்லிஸை மரியாதையாக "டோன்யா" என்றுதான் கூப்பிடுவான். நயேலிக்கு ஆறு வயது, இதயத்தில் ஓட்டை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அதை அடைக்க ஒரு வியாழக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

தான் ஓட்டிக்கொண்டு வருவதாக ஆர்லிஸ் சொல்லிப் பார்த்தாள். கன்றுகளை யார் பார்ப்பார்கள் என்று எலிசியோ சிரித்தான்.

"எம் புள்ளைய நான்தான் கூட்டிட்டுப் போவேன், டோன்யா. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அவ என் மொகத்தப் பாக்கணும்."

அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. அந்த வாரம் பதினாலு கன்றுகளுக்குக் கழிச்சல் வேறு. பின்னால் இதை நினைத்து நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்லிஸ் சங்கிலியைத் தொடங்கினாள். கற்றுக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தையின் பேர், அப்பன் பேர், வியாழன் காலை ஐந்தரை, தானியக் கிடங்கு வழியாகப் போகிற சாலை, சிவப்பு வேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறான், போலீஸ் கண்ணில் படாமல் கர்த்தர் மறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசி ஆளான பெர்னெட் கூப்பிட்டு ஒப்பித்தாள். ஐந்தரை, தானியக் கிடங்கு, சிவப்பு வேன். ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. ஆர்லிஸ் நிம்மதியாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் பேர் எழுதாத இரண்டு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. இறங்கியவர்கள் குடியேற்றத் துறை ஆட்கள் நாலு பேர், எல்லாருடைய முகத்திலும் துணி. எலிசியோ கண்ணாடியை இறக்கக் கொஞ்சம் தாமதித்தான், உடைத்தார்கள். பின்சீட்டில் பட்டினி வயிற்றோடு இருந்த குழந்தையின் மடியில் கண்ணாடித் தூள் கொட்டியது. அவனை இழுத்துக்கொண்டு போன பிறகு, வண்டி ஓட்டத் தெரியாத மார்த்தா அந்தக் குளிரில் மகளைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். பால் லாரிக்காரர் பார்த்து ஏற்றி வந்தார். ஏழு மணி தாண்டிவிட்டது. ஆபரேஷன் போய்விட்டது.

பண்ணைக்காரர் டேல் கொட்டகையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். காகிதம் இல்லாத ஆட்களையெல்லாம் நாட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று எழுதிய பெரிய பலகையை அந்தக் கொட்டகைச் சுவரில் இரண்டு வருஷமாக மாட்டி வைத்திருப்பவர் அவர்தான்.

"கெட்டவங்களத்தான் புடிப்பாங்கன்னு நெனச்சேன் ஆர்லிஸ். நம்மாளையுமா புடிப்பாங்க?" என்றார். அடுத்த மூச்சிலேயே, மத்தியானக் கறவைக்கு யாரைப் பிடிப்பது என்று கேட்டார். குழந்தையைப் பற்றி அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆர்லிஸ் வாளியைக் கீழே வைத்தாள். அந்த நேரமும் அந்தச் சாலையும் எலிசியோ வீட்டுக்குத் தெரியும், தனக்குத் தெரியும். பிறகு யாருக்குத் தெரியும்? எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கன்று பால் கேட்டு அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது; அவளுக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கீழ்க்கூடத்தில் காப்பிக்கு இறங்கினார்கள். மேவிஸ் எலுமிச்சைப் பலகாரத்தைச் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் கையிலும் ஒன்றை வைத்தாள். ஆர்லிஸ் ஒரு வாய் கடித்துக்கொண்டே, எலிசியோ போகிற நேரம் வெளியே எப்படிப் போயிருக்கும் என்று பொதுவாகத்தான் கேட்டாள். மறைப்பார்கள், மழுப்புவார்கள் என்று நினைத்திருந்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் மேவிஸ், கத்தியைத் துடைத்துக்கொண்டே. சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்.

"யாருகிட்ட?"

"காகிதம் இல்லாதவங்களப் பத்திச் சொல்லச் சொல்லி டிவில ஒரு நம்பர் காட்டறாங்கல்ல, அதுக்கு. மூஞ்சிய அப்படி வச்சுக்காத, ஆர்லிஸ். நான் மொதல்ல ஜெபம் பண்ணிட்டுத்தான் போன் பண்ணேன். மனசுல ஒரு சமாதானம் வந்துச்சு."

"உள்ள புள்ள இருக்கும்னு தெரியும்ல ஒனக்கு?"

"புள்ளைக்குத் தனியா ஜெபிச்சேனே. அவ இங்க பொறந்தவ, அவளுக்கு ஒண்ணும் வராது. அப்பன் சட்டத்த மீறி வண்டி ஓட்டலாமா? லைசென்ஸ் இல்லன்னு நீதான சொன்ன? எம்மேல பாயாத. வாய விட்டது நீ."

ஆர்லிஸ் வாயில் இருந்த பலகாரம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இந்தக் கை சுட்டதை நாலு மாதம் தின்றிருக்கிறோம் என்று நினைத்தாள். காகிதத் துண்டில் துப்பினாள். நாக்கில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் துடைத்தாள்.

சுற்றி நின்றவர்கள் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். ஒருத்தி இந்த வாரம் காப்பி கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். போதகர் சிரித்த முகத்தோடு வந்து ஆர்லிஸ் தோளில் கை வைத்து, இது கர்த்தருடைய வீடு, அரசியல் பேச்சு இங்கே வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னார். மேவிஸிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு சதுரம் எடுத்துக்கொண்டு போனார்.

இதையாவது தாங்கிக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலமே பெர்னெட் போனில் வந்தாள். சங்கிலியில் புது ஜெபம்: புருஷனைப் பிரிந்து தவிக்கிற மார்த்தாவுக்கும், ஆபரேஷன் தள்ளிப்போன குழந்தைக்கும் கர்த்தர் ஆறுதல் தர வேண்டும். தொடங்கியவள் மேவிஸ்.

ஆர்லிஸ் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த பேருக்குக் கூப்பிடவில்லை. கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். முழங்கால் போடப் பார்த்தாள், முடியவில்லை. கடவுள் மேல் கோபம் இல்லை அவளுக்கு. அவர் பேரை எந்தெந்த வாய்களில் வைத்துக் குதப்புகிறார்கள் என்பதுதான் அவளுக்குக் கூசியது. தன் வாயும் அதில் ஒன்று.

மறுநாள் பெர்னெட் திரும்பக் கூப்பிட்டு, உன்கிட்டே வந்து அறுந்துபோச்சே என்றாள். ஆமாம், நான்தான் அறுத்தேன், என் பேரை அடித்துவிடுங்கள் என்று ஆர்லிஸ் சொன்னாள்.

அன்று மத்தியானமே மார்த்தா வீட்டுக் கதவைத் தட்டினாள். பண்ணையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பத்தடி நடக்க நெடுநேரம் பிடித்திருந்தது. மார்த்தா கதவைப் பாதி திறந்தாள். உள்ளே நயேலி சோபாவில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"அந்த நாளும் நேரமும் வெளிய போனது என்னாலதான்," என்றாள் ஆர்லிஸ்.

மார்த்தா கதவுப்பிடியை விடவில்லை. "எத்தன பேருகிட்ட சொன்னீங்க?"

"எங்க சபைப் பொம்பளைங்ககிட்ட. பத்துப் பேரு."

"எதுக்கு?"

"ஜெபம் பண்ண."

மார்த்தாவுக்குச் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நாங்களும் ஜெபம் பண்ணுவோம். ஆண்டவருக்கு வழி சொல்லிக் குடுக்க மாட்டோம்."

எலிசியோவை எங்கோ தூரத்து மாநிலச் சிறையில் வைத்திருக்கிறார்கள், ஒரு தடவைதான் பேச விட்டார்கள் என்றாள். ஆஸ்பத்திரியில் வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். நாளைச் சொல், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆர்லிஸ் கெஞ்சினாள். கதவு சாத்திக்கொண்டது.

ஆர்லிஸ் வண்டியில் பெட்ரோலை நிரப்பி வைத்தாள். பின்சீட்டில் ஒரு தலையணையும் கம்பளியும் போட்டாள். பக்கத்துப் பண்ணைப் பெண்ணிடம், ஒருநாள் திடீரென்று கூப்பிட்டால் கன்றுகளுக்குப் பால் காட்ட வர வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்று வாரம் ஓடியது. குழந்தை வேலிப்பக்கம் வருவது நின்றுபோனது. மார்த்தா வண்டிக்கு வேறு யாரையாவது பார்த்திருப்பாள், பார்க்கட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று ஆர்லிஸ் மனசைத் தேற்றிக்கொண்டாள். வேறு யாரும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை போன் அடித்தது.

"இப்ப வாங்க," என்றாள் மார்த்தா.

வழியில் தானியக் கிடங்கு வந்ததும் நயேலி கம்பளியைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். மயக்க மருந்து கொடுக்கும் முன் அவள் அப்பாவைக் கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

நாலு மணி நேரம் காத்திருந்தார்கள். நடுவில் ஆர்லிஸின் செல்போன் அதிர்ந்தது. அவள் விடியற்காலையே வண்டியெடுத்தது அதற்குள் ஊருக்குள் பரவியிருந்தது. மேவிஸ். குழந்தை எப்படி இருக்கிறது, நாங்கள் எல்லாரும் ஜெபத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறோம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடி என்று சொன்னால் பூ அனுப்ப வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். ஆர்லிஸுக்குப் புழு நெளிகிற பாத்திரத்துக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. போனை அணைத்தாள்.

"யாரு?" என்றாள் மார்த்தா.

"கோயில்லேருந்து."

மார்த்தா மகளின் குட்டி ஷூக்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, ஓட்டையை அடைத்தாயிற்று, குழந்தை நன்றாக இருக்கிறாள், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். மார்த்தா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்லிஸ் கிட்டே போக எழுந்தாள். மார்த்தா கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவர குவாத்தமாலாவுக்கே அனுப்பப் போறாங்களாம். புண்ணு ஆறினதும் நாங்களும் போயிருவோம். வண்டிக்கு ஒங்களத்தான் கூப்பிடணும், வேற ஆளு இல்ல. ஆனா என்னைக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல," என்றாள் ஆர்லிஸ்.

மார்த்தா ஷூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆர்லிஸ் எழுந்த நாற்காலியிலேயே திரும்ப உட்கார்ந்தாள்.