நடுக்கடலில் நிற்க ஓர் இடம்

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் நான் ரயில் மாறத்தான் இறங்கினேன். அடுத்த ரயில் ஓடவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க்கடையில் தேநீர் குடிக்கப் போனபோது, ஓர் அறையில் கட்டில் காலியாக இருக்கிறது என்றார்கள். எல்லா ஊர்களிலும் நான் தங்கியது இப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தாலியில் தக்காளி பிடுங்கினேன், பாரிஸில் கோப்பை கழுவினேன், ஒரு பனிக்காலத்தைப் பழைய வாகனம் ஒன்றுக்குள் கழித்தேன். அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்ந்தது, பிறகு வெயில் வந்தது.

அந்த அறையில் ஏற்கெனவே இருந்தவரை அண்ணை என்று கூப்பிட்டேன். பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. மனைவியும் மகளும் லண்டனில். இலங்கையில் சண்டை முடிந்தபின் மூவரும் வெவ்வேறு வழியாகப் புறப்பட்டதில், அவர் மட்டும் ஜேர்மனியில் நின்றுவிட்டார். அவரிடம் இருந்தது டுல்டுங் என்ற தாள். உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட ஏலாது. மகள் சில தடவை வந்து பார்த்துப் போனாள். இப்போது அவளுக்கு லண்டனில் கலியாணம். கையைப் பிடித்துக் கொடுக்க அவர் அங்கே நிற்க வேண்டும். பிரான்ஸ் கரையிலிருந்து ரப்பர் படகில் ஆட்களை ஏற்றும் ஒருவனுடைய தொலைபேசி எண் அவரிடம் இருந்தது.

எனக்குக் கால்வாய்த் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. தானியம் இறக்கிய சரக்குப் படகுகளின் வயிற்றைக் கூட்டித் துடைக்க வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் நான்கு பக்கமும் இரும்புச் சுவர்; மேலே நீள்சதுரமாக ஒரு துண்டு வானம். கோதுமைத் தூசி அந்த வெளிச்சத்தில் இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் மிதக்கும். கூட்டுகிற தும்புத்தடியில் நாடியை ஊன்றியபடி நின்றே கண்ணயர்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் படகு நகர்வதாகத் தோன்றும். எங்கே என்று தெரியாது.

ஒரு படகின் தலைவி, ஐம்பது தாண்டிய ஜேர்மன்காரி, எனக்குக் கோப்பி தரும்போது தன் பாட்டனாரின் கதையைச் சொன்னாள். உலக யுத்தத்தில் இங்கிலாந்தின்மேல் படையிறக்குவதற்கென்று ஆற்றிலும் கால்வாயிலும் ஓடிய படகுகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்களாம். பாட்டனாரின் படகுக்கு மூக்கை வெட்டிச் சாய்தளம் பூட்டி, வயிற்றில் சீமெந்துக் கொங்கிறீற் ஊற்றினார்கள். கடற்கரையில் அந்த இலையுதிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்துவிட்டு, போகாமலே திரும்பி வந்தது.

இதை ஞாயிறு மத்தியானம் கடையின் பின்னறையில் சொன்னேன். அங்கே ஞாயிறு தோறும் நால்வர் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். சீட்டு நின்றுபோனது.

“போயிருந்தால் இங்கிலாந்தைப் பிடிச்சிருப்பாங்கள்,” என்றார் அண்ணை. “என்ன தூரம்? எங்கட தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதை நாங்கள் மீன்பிடி வள்ளத்தில கடந்தனாங்கள்.”

“நீங்கள் கடந்தனீங்கள் அகதியாய்,” என்றார் கடைக்காரர். “மேல விமானம் குண்டு போட, முன்னால கப்பற்படை நிக்க, ஆத்துப் படகை இழுத்துக்கொண்டு போறது வேற கதை. துரும்பைப் போடுங்கோ.”

“எங்களுக்கு முன்னாலயும் கப்பற்படை நிண்டதுதானே? ரெண்டு நாட்டுக் கப்பற்படை.”

“அப்ப ஜேர்மன்காரன் உங்களைக் கேட்டிருக்கலாம், அண்ணை. வல்வெட்டித்துறையில ரெண்டு படகோட்டியளைப் பிடிச்சுக் குடுத்திருப்பியள்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. அவர் ஜேர்மன்காரனைப் பற்றிப் பேசவில்லை என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கடைக்காரர் விடாமல் எதிர்த்துப் பேசினார்.

அடுத்த வாரம் அந்தத் தலைவியிடம் கேட்டுவரச் சொன்னார் அண்ணை. கேட்டேன். அவளுடைய பாட்டனார் சொல்வாராம்: கடல் அசையாத ஒரு நாள் வாய்த்திருந்தால், முதல் ஆட்கள் கரையேறியிருப்பார்கள். மறுநாள் அவர்களுக்குப் பாண் கொண்டுபோவது யார்? அதற்கும் மறுநாள்? இடையில் காற்று எழுந்தால்?

அண்ணைக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது.

“கரையேறியிருப்பாங்கள் எண்டு அவரே சொல்லியிருக்கிறார். எனக்குப் பாண் வேண்டாம், தம்பி. திரும்பி வரவும் வேண்டாம். ஒருக்காப் போனால் சரி.”

“அப்ப நானும் வாறன்,” என்றேன். அந்த ஊரிலிருந்து கிளம்ப எனக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது. லண்டன் நான் பார்க்காத ஊர்.

ஒரு சனிக்கிழமை, படகு கோதுமையோடு டாட்டெல்ன் ஊர்ப்பக்கம் போகிறது, விருப்பமென்றால் இருவரும் ஏறிக்கொள்ளுங்கள் என்றாள் தலைவி. ஏறினோம். கால்வாய் கண்ணாடி போலக் கிடந்தது. கரையில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நடந்தன. நான் படகின் ஓரத் தட்டில் படுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான படகுகள் கயிற்றால் கோர்த்தபடி கடல்மேல் போவதை நினைத்துப்பார்த்தேன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இளம் பையன்கள், சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாமல், மேலே உள்ள வானத்துண்டைப் பார்த்தபடி. இராமேசுவரத்துக்கு நான் வந்த வள்ளத்திலும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். தார்ப்பாயில் ஒரு கிழிசல். அதற்குள்ளால் மினுங்கும் ஒரு வெள்ளி.

சரக்கு ஏற்றிய படகு தண்ணீருக்குமேல் தெரிவது மிகவும் கொஞ்சம். ஓரத்தில் நின்றால் குனிந்து கை கழுவலாம். எதிரே ஒரு பெரிய படகு வந்தது. கடந்து போனபின் அதன் அலை, அவசரமில்லாமல், எங்கள் தட்டின்மேல் ஏறி வந்து, அண்ணையின் சப்பாத்துகளை நனைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போனது. அவ்வளவுதான். தலைவி சுக்கானைப் பிடித்த கையை எடுக்கவுமில்லை.

அண்ணை சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, அந்த நாளையில எங்களையெல்லாம் ஓட்டியள் எங்க இறக்கினவங்கள்?”

“நடுக்கடல் மணல்திட்டியில.”

“ஓம். இடுப்பளவு தண்ணி. அதில நிண்டுதானே விடிய விடியப் பாத்துக்கொண்டிருந்தனாங்கள், இந்திய வள்ளம் வருமட்டும்.” தலைவியின் பக்கம் திரும்பினார். பிறகு, “இவவிட்டைக் கேள். அந்தக் கடல்ல நடுவில இறங்கி நிக்க இடம் இருக்கோ?”

நாங்கள் இருவரும் வெவ்வேறு வள்ளத்தில் வெவ்வேறு வருடம் வந்தவர்கள். ஆனால் இருவருக்கும் கடல் என்றால் நடுவில் மணல் உள்ள ஒன்றுதான். கடந்தோம் என்று சொல்லிச் சொல்லியே, பாதியில் இறங்கி நின்றதை மறந்துவிட்டிருந்தோம்.

நான் கேட்டபோது, தலைவி அதை வேடிக்கை என்று நினைத்தாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்துக் கரைப்பக்கம் மணல்மேடு உண்டென்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னாள். வற்றும்போது தெரியுமாம். பெருகும்போது மூடிவிடுமாம். கப்பல்கள் அதில்தான் உடைந்தனவாம்.

தமிழில் சொன்னேன். அண்ணை தலையாட்டினார். டாட்டெல்னில் இறங்கி, பேருந்துக்குக் காத்து நின்றபோது, சப்பாத்தைக் கழற்றிக் காலுறையைப் பிழிந்தார்.

“கடைக்காரனுக்கு இதைச் சொல்லாதை,” என்றார். “வாதத்தில வெண்டிட்டன் எண்டு துள்ளுவான்.”

அன்று பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். “வரேலாது, பிள்ளை. மாமாவை உன்ட கையைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லு.” மகள் தொடர்பைத் துண்டிக்கவில்லை. இவரும் தொலைபேசியை வைக்கவில்லை.

கலியாணம் ஒரு ஞாயிறு. அறையில் இணையம் விட்டு விட்டு வந்ததால், கால்வாய்க்கரைக்குப் போனோம். அண்ணை வேட்டி கட்டி, அதற்குமேல் குளிர்ச் சட்டை போட்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் அரிசி. அறுகம்புல்லுக்கு எங்கே போவது? கரையில் நின்ற புல்லில் கொஞ்சம் கிள்ளிப் போட்டார். கடைக்காரரும் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

தொலைபேசித் திரையில் தாலி கட்டியானதும், பெரியவர்கள் ஒவ்வொருவராக அறுகரிசி போட்டார்கள். பிறகு யாரோ தொலைபேசியை மணமக்களுக்கு நேரே பிடித்தார்கள். இரண்டு முகங்கள் திரையை நிறைத்தன. நான் எங்கள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை அரிசியை அள்ளினார். முழங்காலில் தொடங்கி, தோள், தலை என்று போடுவதுதான் வழக்கம். அவருடைய கை திரைக்கு முன்னால் நின்றுவிட்டது.

“பிள்ளை, முழங்கால் தெரியேல்லை. கொஞ்சம் பின்னால போங்கோ.”

இரண்டு முகங்களும் சிறிதாகிக்கொண்டே போயின. தோள் தெரிந்தது, கூறைச்சேலை தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. தூரத்தில், மிகவும் சின்னதாக, மகள் கண்ணைத் துடைத்தாள்.

“போதும், காணும்,” என்றார் அண்ணை. “அதில நில்லுங்கோ.”

அரிசி என் விரல்களில் பட்டு விழுந்தது. அதைக் கொத்தத் தாராக்கள் நீந்தி வந்தன.